ஓ.சி.

லெயோனி இறக்கிவைத்த பெட்டியில்
கடைசிக் குமிழுக்கு மேலே ஓ.சி. என்றிருந்தது.
சிற்றலைக்குப் பிரெஞ்சில் அப்படி.
"காசு கொடுக்காம வாங்குனதா?" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
லியோனில் ஒருவர் கேட்கிறாராம்,
ஏ வகை என்றால் இரண்டு மடங்கு விலை,
பி என்றால் கப்பல் கூலிக்கே கட்டாது.
எது என்று எழுதித் தந்தால் போதும்.

முத்தியால்பேட்டையில் என் மேசை ஜன்னலோரம்.
பின்னட்டையைக் கழற்றினால்
அரை நூற்றாண்டுப் பல்லிமுட்டைகள்.

நானூற்றுப் பதினேழு, பிறந்ததே இரண்டாகத்தான்.
ஏ, பிரான்சு வீடுகளுக்கு. நெட்டலை உண்டு.
பி, வெயில் நாடுகளுக்கு.
நெட்டலையைப் பிடுங்கிவிட்டு
அந்த இடத்தில் சிற்றலையை இரண்டாகப் பிரித்திருப்பார்கள்.
அலமாரி ஏ.
கண்ணாடியில் லக்சம்பர்க், ஆல்ஜியர்ஸ், சைகோன்: ஏ.
வால்வுகள் எல்லாம் எட்டுக்கால். அதுவும் ஏ.
பச்சைக் கண் மட்டும் மங்கல்,
மின்சாரம் பாய்ந்ததும் பூனை மாதிரி
ஒருக்களித்துப் பார்த்தது.

நல்லவேளை, கவிழ்த்தும் பார்த்தேன்.
அடியில் இருந்தது பி-யின் சுருள்கூடு.
பதின்மூன்று மீட்டரிலிருந்து நாற்பத்தொன்பது வரை.
துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கி
உள்ளே திணித்திருக்கிறது ஒரு கை.
ஈயம் கொழுக்கட்டை கொழுக்கட்டையாய்,
கம்பி முறுக்கு எல்லாம் இடப்பக்கம்.
பென்சிலில் 12-3-58.

"அப்பா இடதுகையா?"
"சாப்பிடுறப்ப இல்ல" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து
ஓ.சி.க்குப் பிறகு ஓ.டி.
கடலூர் முதுநகரிலிருந்து வேதகிரி,
மடியில் பெட்டியோடு டவுன் பஸ்ஸில்.
உப்புக்காற்று தின்ற பி வகை அலமாரி.
கூடவே தபாலாபீஸ் லைசென்ஸ் புத்தகம்,
அம்புஜவல்லி என்ற பெயரில்,
வருஷம் தவறாமல் தலை ஒட்டியது.
கண்ணாடியில் கொழும்பு இல்லாத இடத்தில்
கொழும்புக்கு ஒரு சாந்துப் பொட்டு.

"அம்மா வச்சது. எழுத்து ஒண்ணு சொல்லும்,
பெட்டி வேறொண்ணு பாடும்."
மூன்றாவது குமிழைத் தொடக்கூடாது என்று
அப்பா சொல்லியிருந்தாராம்.
தொட்டால் என்ன?
"இரைச்சல்தான் சார். வேற ஒண்ணுமே இல்ல."

கவிழ்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.
நெட்டலைச் சுருள். அதே கொழுக்கட்டை ஈயம்.
அதே தேதி.

அப்பா பேர் ஞானம் என்றார் வேதகிரி.
வெள்ளி ராத்திரி வருவார்,
ஞாயிறு இருட்டோடு முள்ளோடை தாண்டிவிடுவார்.
லெயோனியின் அப்பா ஞானாதிக்கம்
ஒரு ஞாயிறும் பூசைக்குத் தவறியதில்லை என்று
அவளே சொல்லியிருக்கிறாள், என்னிடம், பெருமையாக.

எதற்கு மாற்றினார்?
புதுச்சேரி வீட்டில் செய்தி கேட்க ஆசையா,
சுருள் ஒன்று எரிந்து, சமாளித்தாரா,
இரண்டு வீட்டிலும் கொஞ்சம்
இரண்டு வீடும் இருக்கட்டும் என்றா,
வகைப்பட்டியல் அதுவரைக்கும் போவதில்லை.
நல்ல சுருள் எந்த வீட்டுக்குப் போனது என்று
ஈயம் சொல்கிறது.
அதை எழுதித்தர யாரும் கேட்கவில்லை.

நேற்று இரவு இரண்டையும் அடுத்தடுத்து வைத்து
மின்சாரம் கொடுத்தேன்.
ஒன்றின் முள்ளை நகர்த்தினால்
மற்றது விசிலடித்தது.
கோளாறு இல்லை. பழைய பெட்டிகள் அப்படித்தான்,
தான் கேட்கும்போதே கொஞ்சம் வெளியேயும் கசியும்,
பக்கத்தில் இருப்பது அதைப் பிடித்துக்கொள்ளும்.
கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை
திருப்பிக்கொண்டே இருந்தேன்.

லியோன்காரருக்கு ஏ என்று எழுதினேன். அடித்தேன்.
பி என்று எழுதி அதையும் அடித்தேன்.

வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்,
லெயோனியை நாலு மணிக்கு,
வேதகிரியை ஐந்துக்கு.
லெயோனி ஒருநாளும்
சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை.